மகளிர்க்கெனத் தனித்த உடற்பயிற்சிக் கூடம்: அதிற் சேர்தல் தகுமா?

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர், இராஜகிரியின் அடிவாரத்திற் கல்யாண மகாலையும் பெருங் களஞ்சியங்களையும் பார்த்து வருங்கால், அவற்றிற்கு அணித்தே உடற்பயிற்சிக் கூடம் என்று வழங்கப்படும் பழைய கட்டடம் ஒன்றையும் காண்பர். கல்யாண மகால் அரண்மனை மகளிர் உறைந்த இடம் என்பர். பயிற்சிக் கூடமோ ஆடவர்க்கு உரியதாய் இருந்தது என்று கொள்ளுதல் பிழையாகாது. இரண்டிற்கும் இடைத் தொலைவு சில நிமிட நடையேயாம். ஆயினும் அம்மாளிகையின் மகளிருள் ஒருத்தியேனும் அக்கூடத்திற் சென்று தன் உடலைப் பழக்குவாளோ என்னும் வினா அக்காலத்தில் எவர் உள்ளத்திலும் எழுந்திராது.

இன்று அவ்வினா எழுந்துள்ளது. செஞ்சி, திண்டிவனம் முதலிய ஊர்களிலிருந்து வந்து பயிலும் மாணவிகளும், பயின்று சென்று இல்லறம் நடத்தும் பழைய மாணவிகளும், ‘மகளிர்க்கு மட்டும்’ என்று பலகையிட்டு, அரைமணிப் பொழுதிற் சுற்றிவந்து முடிக்கும் பயிற்சியைக் கற்பிக்கும் கூடங்களிற் பணங்கட்டிச் சேரலாமா என்று வினவுகின்றனர். ஆசிரியைமாருள்ளும் இதனை வினவுவோர் உளர். ஆம் என்றோ அன்று என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிடுதல் எளிது. அதனாற் பயன் சிறிது. அப்பயிற்சி யாது, அது செய்வது யாது, செய்யாதது யாது என்பவற்றை அறிந்தபின் ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்றவாறு துணியலாம். ஆதலின் அவற்றை இங்கே கூறப் புகுகின்றோம்.

ஆங்கிலத்திற் ‘சர்க்யூட்’ என்று வழங்கும் இச்சுற்றுப் பயிற்சி, இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக் கழகத்தில் மார்கன், ஆடம்சன் என்னும் இருவரால் 1953-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. பல மாணாக்கர் ஒரே அறையில் ஒரே பொழுதிற் பயில வேண்டும்; ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் ஆற்றலுக்கேற்பவே உழைக்க வேண்டும். இவ்விரண்டையும் பொருத்துதற்கு அவர்கள் கண்ட வழி மிக எளியது. அறையைச் சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இடங்களை அமைத்து, ஓரிடத்திற் காலுக்கும், அடுத்த இடத்திற் கைக்கும், அதற்கடுத்த இடத்தில் வயிற்றுக்கும் முதுகுக்கும் என்று பயிற்சியை மாற்றி மாற்றி வைத்தனர். ஒருவர் ஓரிடத்தைவிட்டு நகர்ந்தவுடன் மற்றொருவர் அங்கே வந்துவிடுவார். கால் உழைக்குங்கால் கை இளைப்பாறும். கை உழைக்குங்கால் கால் இளைப்பாறும். நெஞ்சுக்கோ இளைப்பாற்றியில்லை, அது முப்பது நிமிடமும் விரைந்தே துடிக்கும். தசைக்கு வலிமையும் நெஞ்சுக்கும் மூச்சுக்கும் பழக்கமும் ஒருங்கே கிட்டுதல் இதன் சிறப்பு.

இதனை மகளிர்க்கெனத் தனியே ஒரு வாணிகமாக்கியது ‘கர்வ்ஸ்’ என்னும் நிறுவனம். கேரி ஹெவின், டயான் ஹெவின் என்னும் கணவன் மனைவியர் அமெரிக்க நாட்டில் டெக்சாஸ் மாகாணத்து ஹார்லிங்கன் என்னும் ஊரில் 1992-ஆம் ஆண்டில் முதற் கூடத்தைத் திறந்தனர். ஆடவர் இல்லை, நீண்ட கண்ணாடிகள் இல்லை, கனத்த இரும்புக் குண்டுகள் இல்லை. வட்டமாக இடப்பட்ட எந்திரங்களும், இரண்டு எந்திரங்களுக்கிடையே நின்ற இடத்திலேயே நடத்தற்கும் குதித்தற்கும் ஒரு பலகையும் உண்டு. ஏறக்குறைய அரை நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு குரல் ‘இடம் மாறுக’ என்று அறிவிக்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் ஏறக்குறைய 10,000 கிளைகள் தோன்றின. பின்னர் அமெரிக்காவில் அவற்றுள் ஆயிரக்கணக்கானவை மூடப்பட்டன. ஜப்பானில் மட்டும் 2005-ஆம் ஆண்டிற் புகுந்த அது தழைத்தோங்கி ஏறக்குறைய 2,000 கிளைகளைக் கொண்டது. தாய் நிறுவனத்தையே 2018-இல் ஜப்பானியர் விலைக்கு வாங்கினர். நம் நாட்டு நகரங்களில் இக்காலத்துத் தோன்றும் மகளிர் கூடங்கள் பலவும், பெயர் வேறாயினும், இம்முறையைப் பெரிதும் தழுவியனவே.

இனி எந்திரங்களின் இயல்பைச் சிறிது நோக்குவோம். இக்கூடங்களிற் பலவற்றில் உள்ளவை எண்ணெய் நிறைந்த உருளைகளையுடைய ஹைட்ராலிக் எந்திரங்கள். குழாய்க்குள் ஒரு தண்டு செல்லும். எண்ணெய் ஒரு சிறு துளை வழியே ஒழுகும். மெல்லத் தள்ளினால் எளிதாகவும், விரைந்து தள்ளினாற் கடினமாகவும் இருக்கும். தள்ளுதல், இழுத்தல் இரண்டிலும் தடையுண்டு. கைவிட்டால் காலில் விழுதற்கு எடை ஒன்றும் இல்லாமையின் அச்சமில்லை. மறுநாள் உடல்வலியும் குறைவு. முன்பின் பழகாத நாற்பது வயதினள் ஒருத்தி முதல்நாளே அதில் அமர்ந்து இயக்கலாம். இவை யாவும் உண்மையான நன்மைகளே.

ஆயின் அந்நன்மையிலேயே ஒரு குறையும் அடங்கியுள்ளது. நாம் ஒரு குடத்தை இடுப்பிலிருந்து மெல்லக் கீழே இறக்குங்கால், தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அவ்வாறு தாங்குதல் தசையை வலுப்படுத்தும் தலையாய வழிகளுள் ஒன்று. எண்ணெய் எந்திரத்தில் இறக்குதல் என்பது இன்று; அதனால் அப்பயனும் இன்று. மேலும், வலிமை வளர வேண்டுமாயிற் பாரமும் காலந்தோறும் வளர வேண்டும். எந்திரத்தின் தடையைத் திருகிக் கூட்டும் வசதி இல்லையாயின், சில திங்களில் உடல் அதற்குப் பழகிவிடும். பின்னர் அம்மாது வருவாள், சுற்றுவாள், போவாள், வலிமையோ நின்ற இடத்திலேயே நிற்கும். எலும்பின் திறத்தில் இஃது இன்னும் முக்கியமானது. மாதவிடாய் நின்றபின் பெண்டிர்க்கு எலும்பு மெலிதல் நாம் அறிந்ததே. ஆஸ்திரேலியாவில் அத்தகைய மகளிர் 101 பேரைக்கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வாரத்திற்கு இருமுறை, முறைக்கு அரைமணி, தேர்ந்த ஆசிரியர் மேற்பார்வையிற் கனத்த எடைகளைத் தூக்கியோர்க்கு எட்டுத் திங்களில் முதுகெலும்பின் அடர்த்தி உயர்ந்தது. வீட்டில் எளிய பயிற்சி செய்தோர்க்கு அது குறைந்தது. பொழுது அதே அரைமணிதான்; பாரமே வேறு. ஆகவே கூடத்தைக் காணச் செல்லும் நாளில் முதலிற் கேட்கவேண்டியது, ‘ஆறு திங்கள் கழித்து எனக்கு என்ன பாரம் தருவீர்?’ என்பதே. இதற்கு விடையிறுக்கக் கூடிய பயிற்சியாளர் உள்ள கூடம் நல்ல கூடம். சுவரின் வண்ணத்தையும் குளிர்சாதனத்தையும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.

‘உடல் மெலியுமா?’ என்பதே பெரும்பாலோர் முதலிற் கேட்பது. இதற்குக் கணக்கே விடை கூறும். ஓய்ந்திருக்கும் உடல் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவிடும். நடுத்தரச் சுற்றுப் பயிற்சியில் அஃது ஏறக்குறைய 4.3 மடங்காகும். 60 கிலோ எடையுள்ள ஒருத்தி அரைமணி பயின்றால் ஏறக்குறைய 130 கிலோகலோரி செலவாகும். எண்ணெய் விட்டுச் சுட்ட ஒரு சாதாரணத் தோசை அதனை ஈடுசெய்துவிடும். சட்டினியையும் சாம்பாரையும் யாம் கணக்கிற் சேர்க்கவில்லை. உணவைத் திருத்தாது, வாரத்தில் மூன்று அரைமணியால் எடை விரைந்து இறங்கும் என்று எவரேனும் உறுதி கூறுவாராயின், அவர் உறுதியை நம்பிப் பணங் கொடுத்தல் வேண்டா. ஒரு திங்களிற் பத்துக் கிலோ என்று விளம்பரம் செய்யும் கூடத்தின் வாயிலைக் கடந்து அப்பாற் செல்வதே தகும்.

எடை குறையாவிடினும் பயன் இல்லாமற் போகாது என்பதை இவ்விடத்தே அழுத்திக் கூறுவோம். 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் நூற்றுக்கு 40 பேர் மிகை எடையினர். நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகையினர். ஒரே வீட்டில், ஏன், ஒரே உடலிலுமே இவ்விரண்டும் சேர்ந்திருத்தல் உண்டு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் நூற்றுக்குப் பதினொருவர் நீரிழிவு உடையர் என்றும், தமிழகத்தில் அது நூற்றுக்குப் பதினான்கு என்றும் கண்டது. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே வாங்கிக்கொள்ளும். எடை ஓர் அவுன்சு குறையாவிடினும் இது நிகழும். இரத்த அழுத்தம் தணிதலும், உறக்கம் நன்கு வருதலும், மாடிப்படி ஏற மூச்சு வாங்காமையும் இத்தகையனவே. சோகையுடையோர் மட்டும் முதலில் இரத்தத்தைச் சோதித்து, மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை உண்டு தேறியபின் கடும்பயிற்சியிற் புகுதல் வேண்டும். சோகையால் வரும் களைப்பைச் சோம்பல் என்று பிறர் ஏசுதலும், தாமே அதை நம்புதலும் நம் குடும்பங்களில் மிகுதி.

அரைமணிப் பயிற்சி போதுமா என்பது அடுத்த ஐயம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு, வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர உழைப்பு, அல்லது அதிற் பாதி கடும் உழைப்பு. அதனொடு வாரத்தில் இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. வாரம் மும்முறை கூடம் செல்வோர்க்கு 90 நிமிடம் கிட்டும். பயிலுங்கால் வாய்விட்டுப் பேசக்கூடுமாயினும் பாடக்கூடாத அளவிற்கு மூச்சு வாங்குமாயின், அது நடுத்தர உழைப்பு. எனவே இரண்டாம் விதி நிறைவேறும். முதல் விதிக்கு இன்னும் 60 நிமிடம் குறையும். அதனை நடந்தே நிரப்ப வேண்டும்.

செஞ்சியாருக்கு அதற்கு இடந்தேடி அலைய வேண்டுவதின்று. இராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரமுடையது. 60 கிலோ எடையுள்ளவர் ஒருமுறை அதன் உச்சிக்கு ஏறினால், உயரத்தை மட்டும் கணக்கிட்டால் 34 கிலோகலோரி அளவுக்கு வேலை செய்கிறார். மனித உடல் செலவிடுவது செய்யும் வேலையினும் நான்கைந்து மடங்காதலின், மொத்தச் செலவு 135 முதல் 170 வரை ஆகும். அஃதாவது, கூடத்தின் ஒருநாட் பயிற்சிக்கு அம்மலை தாழ்ந்ததன்று. அங்ஙனமாயின் மலையிருக்கக் கூடம் எதற்கு என்று ஆடவர் சிலர் எம்மிடமே கேட்டதுண்டு. மலை காலையும் நெஞ்சையும் பழக்கும். தோளையும் முதுகையும் தொடாது. இறங்குங்கால் முழங்கால் நோவுடையோர்க்கு அது பகை. சித்திரை வெயிலிற் பாறை கொதிக்கும். குரங்குகள் கைப்பையை விடா. இவையெல்லாவற்றினும் மேலாக, தனியளாய் ஒரு பெண் நாள்தோறும் அம்மலைப் படிகளில் ஏறி இறங்குதலை அவள் வீட்டார் இசைவரோ? ஊரார் வாளா இருப்பரோ? மேற்கண்டவாறு வினவிய ஆடவர் இதனை எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

வீட்டிற் செய்யலாமே என்பது மற்றொரு கூற்று. கருவியளவிற் பார்த்தால் அதுவும் மெய்யே. நாற்காலியில் அமர்ந்தெழுதல், சுவரிற் கையூன்றித் தள்ளுதல், அரிசி மூட்டையைத் தரையிலிருந்து தூக்கி வைத்தல், நீர் நிறைந்த வாளி இரண்டை இரு கையிலும் ஏந்தி முற்றத்தில் நடத்தல், கீழ்ப்படியில் ஏறி இறங்குதல் என்று ஐந்தை அமைத்து, ஒவ்வொன்றையும் அரை நிமிடம் செய்து சுற்றிவந்தால், மார்கனும் ஆடம்சனும் வகுத்ததை நெருங்கிவிடலாம். ஒரு காசும் செலவில்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் உலக்கையும் இருந்த காலத்தில் நம் பாட்டிமார்க்கு இவை வேண்டியிருக்கவில்லை என்று பெருமையாகச் சொல்வோரும் உளர். அவ்வேலைகள் உடலை வருத்தின. ஆனால் அவை அவர்களாக விரும்பி ஏற்றவையல்ல. இடுப்பு நோவும் முதுகு வளைவும் அவற்றின் பரிசாக வந்ததையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

வீட்டுப் பயிற்சியின் தடை கருவியில் இல்லை, கதவில் உள்ளது. ஐந்தாம் நிமிடத்திற் பால் பொங்கும். எட்டாம் நிமிடத்தில் ‘அம்மா, என் கணக்குப் புத்தகம் எங்கே?’ என்று குரல் வரும். பத்தாம் நிமிடத்தில் மாமியார் கூடத்தைக் கடந்து செல்வார், ஒன்றும் சொல்லமாட்டார், அது போதும். பெண் வீட்டிலிருக்கும் பொழுதெல்லாம் வீட்டுக்குரிய பொழுது என்று யாவரும், அவளுட்பட, கருதுகின்றனர். 2022-ஆம் ஆண்டு நிலையைக் கணக்கிட்டு 2024-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு, இந்தியாவிற் போதிய உடலுழைப்பு இல்லாத ஆடவர் நூற்றுக்கு 42 என்றும், மகளிர் நூற்றுக்கு 57 என்றும் கூறுகிறது. நாள் முழுதும் நிற்பவரும் நடப்பவரும் மகளிரே; அவ்வாறிருந்தும் இவ்வேறுபாடு உளது. அவர்கள் வேலை நிற்பதாகவும் குனிவதாகவும் இருக்கிறதேயன்றி, நெஞ்சு விரைந்து துடிக்கும் உழைப்பாக இல்லை. அவ்வுழைப்புக்கென ஒதுக்கிய அரைமணியும் அவர்கள் கையில் இல்லை.

மகளிர் கூடத்தில் விலைக்குக் கிடைப்பது எந்திரம் மட்டுமன்று என்பது இதனால் விளங்கும். வீட்டிற்கு வெளியே, எவரும் கூப்பிடாத, ஆடவர் கண் படாத அரைமணியே அங்கு விற்கப்படுகிறது. வியர்த்து, முகஞ் சிவந்து, மூச்சிரைத்து, அழகாகத் தோன்ற வேண்டும் என்னும் கவலையின்றி நிற்றற்கு ஓரிடம். ஆடவரும் வரும் கூடத்தில் இருபது வயது இளைஞர் நடுவே, ஐம்பது வயதுத் தாய் ஒருத்தி கையைத் தலைக்குமேல் உயர்த்திக் குனிந்து நிமிர்வாள் என்று எதிர்பார்த்தல் இயலாது. மகளிரைத் தனியே பிரித்தல் பழமைக்குத் திரும்புவது என்று வாதிப்போர்க்கு யாம் கூறுவது இதுதான்: பிரித்தலாகாது என்னும் கொள்கை நன்று, அக்கொள்கை ஊரில் நிலைபெறும் வரை அத்தாயின் முழங்கால் காத்திராது. தமிழக அரசு 2016-இல் ஊராட்சிகளில் 500 உடற்பயிற்சிக் கூடங்கள் அமைப்பதாக அறிவித்தபோது, அவற்றில் மகளிர்க்கெனத் தனிப் பொழுது ஒதுக்கியிருப்பின் எத்துணை நலம் விளைந்திருக்கும் என்று யாம் எண்ணுவதுண்டு.

ஜப்பானியர் அனுபவமும் இதையே காட்டுகிறது. அங்கே உறுப்பினருட் பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்தவர். பயிற்சியாளர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பர். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டவையும் ஜப்பானில் நிலைத்தவையும் ஒரே பெயரும் ஒரே முறையும் உடையவை. வேறுபாட்டிற்குக் காரணம் எந்திரத்தில் இருக்க முடியாது. மனிதரிடத்திலேயே தேட வேண்டும்.

பணத்தைப் பற்றியும் கூறவேண்டும். டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்னும் பொருளியலறிஞர் இருவர், அமெரிக்காவில் மூன்று கூடங்களின் 7,752 உறுப்பினர் கணக்கை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டனர். ஒவ்வொரு வருகைக்கும் பத்து டாலர் கொடுத்துப் பயிலும் வழியிருந்தும், மாதக் கட்டணம் 70 டாலருக்கு மேற் கட்டியவர் மாதத்தில் நாலு முறைக்குச் சற்றே கூடுதலாகத்தான் சென்றனர். அவர்க்கு வருகை ஒன்றுக்கு 17 டாலருக்கு மேல் ஆயிற்று. கட்டும் நாளில் நம்மை நாமே உயர்வாக மதித்துக்கொள்கிறோம் போலும்! ஆகையாற் கட்டணத்தை மாதத்தால் வகுக்காது வருகையால் வகுத்துப் பாருங்கள். மாதம் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு முறை செல்வார்க்கு முறைக்கு 100 ரூபாய்; நான்கு முறை செல்வார்க்கு 300 ரூபாய். முதலில் ஒரு மாதத்திற்கே கட்டுக. ஓராண்டுக்குக் கட்டினாற் பாதி விலை என்று வற்புறுத்துவர். கூடம் ஓராண்டு திறந்திருக்கும் என்பதற்கு ஈடு எவரும் தாரார். 10,000 கிளைகள் கொண்ட நிறுவனத்தின் கதவுகளே மூடப்பட்டன அல்லவா?

தொலைவும் கட்டணத்தின் ஒரு பகுதியே. செஞ்சியிலிருந்து திண்டிவனம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். 2021 முதற் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. சிலர்க்குப் போக்குவரத்துச் செலவு மிச்சமாகலாம், பொழுது மிச்சமாகாது. போகவர இரண்டு மணி, பயிற்சி அரைமணி என்றால் அப்பழக்கம் ஆடிமாதம் தொடங்கி ஐப்பசி மழைக்குள் முடிந்துவிடும். நடந்து பத்து நிமிடத்திற்குள், அல்லது நாள்தோறும் செல்லும் கல்லூரி, அலுவலகம், பள்ளி வழியில் இருக்கும் கூடமே கூடம். வேறூரிலுள்ள சிறந்த கூடத்தினும் உள்ளூரிலுள்ள நடுத்தரக் கூடம் நன்று.

செஞ்சியைப் போன்ற ஊரில் அவ்வாறு ஒரு கூடம் அமையுமாயின், சேருமுன் ஒருநாள் தாம் செல்லக் கருதும் அதே பொழுதிற் சென்று பார்த்தல் வேண்டும். காலை ஆறு மணிக்குச் செல்ல விரும்புவோர் மாலை நான்கிற் சென்று பார்த்தலாற் பயனில்லை. பயிற்றுவிப்பவர் பெண்ணா, அவர் அப்பொழுது முழுதும் அங்கே இருப்பாரா, அல்லது பதிவுசெய்த குரல் மட்டும் இருக்குமா என்று கவனிக்க. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், அண்மையிற் பிள்ளைப்பேறு, கருப்பை இறக்கம், முழங்கால் தேய்வு இவற்றுள் எதுவேனும் உண்டா என்று அவர் தாமே கேட்கிறாரா என்றும் பார்க்க. கேளாமலே எந்திரத்தில் அமர்த்துவாராயின் நன்றி கூறித் திரும்பிவிடலாம். சேலையோடு பயில இயலாது. தளர்ந்த சல்வாரும் கால்பிடிக்கும் காலணியும் போதும். பெயர்பெற்ற உடைகளை வாங்குதல் வேண்டா. உடைமாற்றும் அறையில் தாழ்ப்பாள் சரியாக உள்ளதா, கண்காணிப்புக் கேமரா எவ்வெவ்விடத்தில் வைக்கப்பட்டுள்ளது, பயில்வோரைப் படமெடுத்து விளம்பரத்தில் இடும் வழக்கம் உண்டா என்று தயங்காது கேட்க. மகளிர்க்கு மட்டும் என்னும் பலகைக்குப் பொருள் இவ்விடத்தேதான் சோதிக்கப்படும்.

முதல் மாதம் முடிந்தபின் எடைக்கருவியில் ஏறுதலை விட்டு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எத்தனை முறை அரை நிமிடத்தில் எழ முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். சேர்ந்த நாளிலும் இதனை எண்ணிக் குறித்து வைத்திருத்தல் வேண்டும். எண் உயர்ந்திருந்து, பன்னிரண்டிற் பத்து நாளேனும் சென்றும் இருப்பீராயின், அடுத்த மாதத்திற்கும் பணங் கட்டலாம். இயலுமாயின் அன்னையாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இருவராகச் சேர்வார்க்குக் கட்டணத்திற் சலுகை உண்டா என்று கேட்பதில் வெட்கமில்லை.